இங்கே காப்பி கிடையாது

ஜாய்ஸ் டீச்சரைப் பற்றி ஊரில் முதலில் எழும் குறை காப்பியைப் பற்றித்தான். நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மாடி அறையில் உட்கார்ந்து கணவன் மனைவி சண்டையைக் கேட்கிற டீச்சரம்மா என்றால் ஆட்டோக்காரர்கள் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இறக்கும்போது, "நல்ல அம்மாதான். பொறுமையாக் கேப்பாக. ஆனா ஒரு வாய் காப்பி தர மாட்டாக" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள். மதுரைப் பக்கம் இது சின்னக் குற்றமில்லை. மீட்டர் பார்க்க வருகிற மின்வாரியத்துக்காரரையே காப்பி குடிக்காமல் அனுப்பாத ஊர். சண்டைக்கு வந்தவனைக்கூட உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, அவன் குடித்து முடித்த பிறகுதான் சண்டையை ஆரம்பிப்பார்கள்.

ஆரம்பத்தில் ஜாய்ஸும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தி, பிறகு அங்கேயே பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்கிற டீச்சராகி, அதற்கென்று தபாலில் படித்துப் பட்டமும் வாங்கி, வேலையை விட்ட பிறகு சொந்தமாக இதைத் தொடங்கியவள். வந்தவர்களை எல்லாம் அப்போது விருந்தாளியாக நடத்தினாள். ஒரு கணவர், தன் மனைவிக்கு முதலில் டம்ளர் நீட்டப்பட்டதைப் பார்த்து மேடம் அவள் பக்கம் என்று முடிவுகட்டி, அதன் பிறகு வாயே திறக்கவில்லை. இன்னொரு பெண், குடித்த டம்ளரைக் கழுவித் தருகிறேன் என்று அடுப்படிக்கே வந்துவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், புருஷனுக்குத் தெரியாத ஒரு சங்கதியை ஜாய்ஸின் காதில் போட்டாள். மறுபடி மேலே போய் அந்த இருவருக்கும் எதிரே உட்கார்ந்தபோது ஜாய்ஸால் அந்தப் புருஷனின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஒருத்தியின் ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு இருவருக்கும் பொது ஆளாக எப்படி இருப்பது? அந்தக் குடும்பம் பிரிந்துபோனது. காப்பியால் ஒரு குடும்பம் பிரிந்தது என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஜாய்ஸ் அன்றைக்கு அழுதாள். அடுத்த நாளிலிருந்து காப்பி நின்றது.

அதன் பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு விதியாகச் சேர்ந்துகொண்டே போனது. அவள் கணவர் சத்தியசீலன் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அழகான கையெழுத்து. விதிகளை ஒரு பலகையில் எழுதி மாடிப்படிப் பக்கத்தில் மாட்டியவர் அவர்தான். "மோசேக்கு மலை மேல ஏறித்தான் பத்துக் கட்டளை கிடைச்சது. உனக்கு மாடியிலயே அதுக்கு மேல கிடைச்சிருச்சு ஜாய்சு" என்று கேலி செய்துகொண்டேதான் எழுதினார்.

இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும். ஒருவர் முந்தி வந்துவிட்டால் மற்றவர் வரும்வரை கீழே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியதுதான். கூட வருகிற மாமனார் மாமியாருக்கு வாசல் கேட்டோடு சரி. அவர்களை உள்ளே விட்டால் அது பஞ்சாயத்தாகிவிடும். பஞ்சாயத்து என்றால் தீர்ப்புக் கேட்பார்கள். ஜாய்ஸிடம் தீர்ப்பு கிடையாது. கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வர மாட்டாள். ஒருவர் மட்டும் தனியாகப் போன் செய்து எதைச் சொன்னாலும் அடுத்த தடவை இருவர் முன்னாலும் அதை எடுத்து வைத்துவிடுவாள். தன் வீட்டுக் கதையை அவர்களிடம் பேச மாட்டாள். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பதை எவரிடமும் சொல்ல மாட்டாள். ஒரு ஜோடி இறங்கிப்போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த ஜோடி படியேறும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாமே. தாகத்துக்கு மாடிப்படி முடிகிற இடத்தில் தண்ணீர் கேன், பக்கத்தில் பேப்பர் கப் அடுக்கு. யாரும் கழுவ வேண்டாம், யாரும் அடுப்படிக்கு வர வேண்டாம்.

வெளியே எங்கே பார்த்தாலும் அவளாக முதலில் சிரிக்க மாட்டாள் என்பதும் ஒரு விதி. அவர்கள் சிரித்தால் சிரிப்பாள். இதனால் ஜாய்ஸுக்குப் போக்குவரத்தே சுருங்கிப்போனது. கல்யாண வீட்டுப் பந்தியில் சுவரைப் பார்த்த இடமாகத் தேடி உட்காருவாள். எதிர் வரிசையில் அவளிடம் வந்துபோகிற யாராவது இருந்தால், அவளைப் பார்த்ததும் அவர்களுக்கு இலையில் கை ஓடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாருடனும் நின்று பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். தலைக்கனம் பிடித்தவள் என்று சர்ச்சில் பெயர். போகட்டும் என்று விட்டாள். வரவர எதையும் போகட்டும் என்று விடுகிற அசதிதான் அவளிடம் மிச்சமிருந்தது. நாள் பூராவும் பிறத்தியார் சண்டையைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கினால், சத்தியசீலன் தட்டில் சோற்றைப் போட்டுக் கொடுத்து எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார். "ரசம் ஊத்தவா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டாலும் அவளுக்குக் காது வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இப்படியிருந்த நாளில்தான் முகேஷும் சரண்யாதேவியும் வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிட, சின்னக்கருப்பன் கொண்டுவந்து இறக்கினார் என்பதுதான் சரி. அவர் முகேஷின் அப்பா. செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பா காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் கூலி வேலை. இவர் தலையெடுத்துக் கொஞ்சம் நிலம் வாங்கிச் சம்பங்கி போட்டு, பூவை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டுபோகச் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டியும் வாங்கியிருந்தார். முகேஷ் செல்போன் டவர் பராமரிக்கிற வேலையில் இருந்தான். சரண்யாதேவி ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். இரண்டு பேரும் மாதக்கணக்காக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அவளச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அவன் சொல்வான். "மாமா, நான் சாப்பிட்டாச்சுண்டு சொல்லிருங்க" என்று அவள் சொல்வாள். நடுவில் இருந்த மனிதர் தந்திக் கம்பியாய்த் தேய்ந்துபோனார். மருமகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் யாரோ ஜாய்ஸின் பெயரைச் சொல்ல, இருவரையும் வண்டியில் ஏற்றிவிட்டார். முன்சீட்டில் மாமனார் பக்கத்தில் மருமகள். பின்னால் காலிப் பூக்கூடைகளோடு மகன் நின்றுகொண்டே வருவான். இறக்கிவிட்டு, எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டுக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பலகையில் போட்டிருந்ததை முதல் நாளே கேட்டுக்கு வெளியே நின்றபடி எழுத்துக்கூட்டிப் படித்து முடித்திருந்தார்.

மாடியில் அவர்கள் சோபாவின் இரண்டு கோடியில் உட்காருவார்கள். ஆளுக்கொரு பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்துவந்து, ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொள்வார்கள். இங்கே செய்தி கொண்டுபோக மாமனார் இல்லை. அதனால் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜாய்ஸும் சும்மா இருப்பாள். அவள் தொழிலில் பாதி இந்தச் சும்மா இருப்பதுதான். அதுதான் உடம்பை முறிக்கிற வேலையும். வாரங்கள் இப்படியே போயின. முகேஷ் குடித்த கப்பின் விளிம்பை நகத்தால் கிழித்துக் கிழித்துப் பூப்போல ஆக்கி வைத்துவிட்டுப் போவான்.

ஒருநாள் சரண்யாதேவி விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் வரல நீங்க?"

எந்த அன்றைக்கு என்று, முதல் நாள் அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த விவரத்திலிருந்து ஜாய்ஸுக்குத் தெரியும். வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போன அன்றைக்கு. முகேஷ் அப்போது ராமநாதபுரம் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். மறுநாள்தான் வீட்டுக்கு வந்தான். அவள் ஏன் என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

"வந்தேன்" என்றான் முகேஷ்.

"பொய் சொல்லாதீங்க."

"வந்தேன் சரண்யா. சேதி கேட்ட ஒடனே வண்டியத் தூக்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வண்டி ஸ்டாண்டுலயே நின்னேன். உள்ள வந்தா நீ என் மூஞ்சியப் பாப்ப. நான் என்னத்தச் சொல்றது? விடியிற வரைக்கும் அங்ஙனயே நின்னுட்டு, வேலைக்கே திரும்பிப் போயிட்டேன்."

அவள் முதல்தடவையாக விசிறியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து பக்கத்துல நின்னுருக்கலாம்ல."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்குப் படியிறங்கும்போது ஜாய்ஸுக்கு முழங்கால் வலி தெரியவில்லை. அடைத்த குழாயில் முதல் சொட்டு வந்தாயிற்று. இனி அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று விடாமல் வந்தால் போதும். இந்த நேரத்தில் விட்டால் பழையபடி இறுகிவிடும். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அந்த அடுத்த வாரத்தில், இவர்களுக்கு முந்தி ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நிலபுலன், ரைஸ் மில் என்று பேர்பெற்ற வீட்டு மனிதர். அவர் பெயரை ஜாய்ஸ் யாரிடமும் சொன்னதில்லை, நமக்கும் வேண்டாம். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் அவசரமாக வந்திருக்கிறார். பேசி முடித்துக் கீழே இறங்குகிறபோது கடைசிப் படியில் கால் தள்ளாடி, வியர்த்துக் கொட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜாய்ஸும் அவர் மனைவியுமாகத் தாங்கிக் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சத்தியசீலன் உள்ளே ஓடினார். அடுப்பில் தயாராக இருந்த காப்பியில் கை நிறையச் சர்க்கரையை அள்ளிப் போட்டு, கையில் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தார். அதைக் குடித்த கொஞ்ச நேரத்தில் மனிதருக்கு முகத்தில் தெளிவு வந்தது. வந்ததும் அவர் பேசிய முதல் வார்த்தை, "டீச்சர், நான் இங்க வந்ததோ, இப்படி ஆனதோ வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. எந் தம்பிமாருக்கே நான் ஊசி போடுறது தெரியாது" என்பதுதான். "என் வாயால வராது" என்றாள் ஜாய்ஸ்.

இந்த அமளியில் நேரம் தள்ளிப்போயிருந்தது. அந்த மனிதர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது எதிரே டீக்கடை வாசலில் குட்டியானை வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. மில்காரரின் கார் புறப்பட்டுப் போன பிறகுதான், சாலையைக் கடந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்ற சின்னக்கருப்பனைப் பார்த்தாள். பின்னால் மகனும் மருமகளும்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"இப்பக் கார்ல போனாரே, அவருக்குக் காப்பி குடுத்தீக. எவர்சில்வர் டம்ளர்ல."

ஜாய்ஸின் கண் நாற்காலியடியில் கிடந்த காலி டம்ளருக்குப் போனது.

"எம்பிள்ளைக எம்புட்டு நாளா இங்க வருதுக. மேல கேன்ல தண்ணியாம், பேப்பர் கப்பாம். வந்து சொல்லுவாக. நான் அதத் தப்பா எடுத்துக்கல. போர்டுலயே போட்டிருக்கு, எல்லாருக்கும் அப்படித்தாண்டு இருந்தேன்."

"எல்லாருக்கும் அப்படித்தான்யா."

"அப்ப அவருக்கு?"

இரண்டே வார்த்தையில் முடிந்துவிடுகிற பதில் ஜாய்ஸின் நாக்கில் நின்றது. மயங்கி விழப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் இப்போதுதான், இந்த இடத்தில்தான், என் வாயால் வராது என்று சொல்லியிருந்தாள்.

"இங்க யாரு வாராங்க, எதுக்கு வாராங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைங்கய்யா. உங்க பிள்ளைக வாரதையும் அப்படித்தான், யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நீங்க ஆளச் சொல்ல வேணாம்மா. ஆளு யாருண்டு எனக்கே தெரியும். நான் கேட்டது காப்பிய." சின்னக்கருப்பன் குரலை உயர்த்தவில்லை. "அவுக வயல்லதான் எங்கய்யா காலம்பூரா கூலிக்கு நிண்டாரு. அவுக வீட்டுல தண்ணி கேட்டா, குனிஞ்சு ரெண்டு கையையும் ஏந்தணும், மேல இருந்து ஊத்துவாக. எங்கூரு டீக்கடையில எங்களுக்குண்டு தனி டம்ளரு வெளிய தொங்கும். அதுக்குக் கேசு கீசுண்டு வரவும், அவுகளுக்கு எவர்சில்வரு, எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்புண்டு மாத்துனாக. பேப்பர் கப்புண்டா என்னண்டு எனக்கு நல்லாத் தெரியும்மா."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் சத்தியசீலன் முன்னால் வந்தார். "ஐயா, உள்ள வாங்க. வந்து உக்காருங்க. இந்தா, இப்பவே காப்பி போட்டுக் கொண்டாரேன்." நல்ல மனசோடுதான் சொன்னார். அதைவிடத் தப்பான ஒரு வார்த்தையை அந்த இடத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

"கேட்டு வாங்கிக் குடிக்கிற காப்பி எங்களுக்கு வேணாம் சார்" என்றார் சின்னக்கருப்பன். திரும்பி, "ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார். மருமகள் முன்னால் ஏறினாள், மகன் பின்னால் ஏறினான். வண்டி போய்விட்டது.

ஜாய்ஸ் மாடிக்குப் போய், அவர்களுக்கென்று வைத்திருந்த நேரம் முடியும்வரை காலிச் சோபாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சத்தியசீலன் மேலே வந்தார். கோபம் அவருக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் குரல் தணிந்துவிடும்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன். அந்தாளு சீக்காளி, அதுக்குக் குடுத்ததுன்னு. ஒரு வார்த்தை ஜாய்சு. அந்தப் பெரியவரு நம்மளப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டுப் போறாரு பாத்தியா?"

"வேணாங்க."

"நாம யாருன்னாவது சொல்லியிருக்கலாம்ல? நம்ம பாட்டனையெல்லாம் சர்ச்சுக்குள்ளயே எந்தப் பக்கம் தனியா உக்கார வச்சிருந்தாங்கன்னு அவருக்குத் தெரியுமா? நாமளும் அதே தெருவுல இருந்துதான வந்தோம்."

"அதச் சொன்னா அந்தப் பேப்பர் கப்பு சரின்னு ஆயிருமா?" என்றாள் ஜாய்ஸ்.

சத்தியசீலன் கீழே இறங்கிப் போனார். டம்ளர் கழுவுகிற தொல்லை வேண்டாம் என்றுதான் அந்தக் கப்புகளைச் சிம்மக்கல் மொத்தக் கடையில் கட்டுக் கட்டாக வாங்கி வந்தாள். வாங்கும்போது ஒருதடவையாவது நினைத்துப் பார்த்தாளா? எவளோ ஒருத்தி நினைக்காமல் இருந்தால் பரவாயில்லை. தன் அப்பா ஒரு வீட்டு வாசலில் கையேந்தித் தண்ணீர் குடித்ததைச் சின்ன வயதில் கூட நின்று பார்த்தவள் அவள். பட்டமும் பலகையும் வந்த பிறகு அது எங்கே போயிற்று? தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. சின்னக்கருப்பன் அந்த டம்ளர் விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டார் என்பது உண்மைதான். கப்பு விஷயத்தில் அவர் போட்டதைத் தப்பென்று சொல்ல அவளால் முடியவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வராதவர்களை ஏன் வரவில்லை என்று கூப்பிட்டுக் கேட்கக் கூடாது என்பது அவள் விதிதான். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். சொல்லாமல் நின்றுவிட்டவர்களின் நேரத்தை வேறு ஜோடிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் விதிதான். கேட்டு வந்தவர்களுக்கு இடமில்லை என்று சொல்லி, அந்த நேரத்தைக் காலியாகவே வைத்திருந்தாள்.

ஒருநாள் சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் சரண்யாதேவி நின்றுகொண்டிருந்தாள். ஜாய்ஸைப் பார்த்தும்விட்டாள். எப்படியிருக்கிறாய், அவன் பேசுகிறானா, மறுபடி மாமனாரை நடுவில் வைத்துத்தான் சாப்பாடு நடக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும் போலிருந்தது ஜாய்ஸுக்கு. அந்தப் பெண் சிரிப்பாளா என்று பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நேராகப் பார்த்தபடி நின்றாள். ஜாய்ஸ் அவளைத் தாண்டி நடந்துபோய், தனக்கு வேண்டாத ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தானே போட்ட வேலி தன் சேலையையே பிடித்து இழுக்கிறது என்று நினைத்தபோது அசதியில் சிரிப்பு வந்தது.

அதற்கு அடுத்த வாரம், அந்தக் காலி நேரத்தில், கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. ஜாய்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முகேஷ் ஓட்டி வந்திருந்தான், சரண்யாதேவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். டீக்கடை பெஞ்சில் யாரும் இல்லை. குட்டியானையும் இல்லை.

இருவரும் படியேறி வந்தார்கள். தண்ணீர் கேனைப் பார்த்தார்கள், தொடாமல் தாண்டி வந்தார்கள். சோபாவின் நடுவில் சேர்ந்தாற்போல உட்கார்ந்தார்கள். விசிறியை யாரும் பார்க்கவில்லை. இருவரும் நேராக அவளைத்தான் பார்த்தார்கள்.

"மேடம், எங்கள இன்னைக்குக் கேள்வி கேக்காதீங்க. நாங்க பேச வந்திருக்கோம்" என்றான் முகேஷ்.

"பேசுங்க."

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதுல இருந்து எங்கப்பா சரியாச் சாப்பிடல. யார்கிட்டயும் பேசல. எங்களால அவருக்கு..."

"எங்களால அவருக்கு அந்த நெனப்பெல்லாம் திரும்ப வந்துருச்சு" என்று சரண்யாதேவி முடித்தாள். "அவரு அந்த டம்ளரப் பத்தி எங்ககிட்ட ஒருநாளும் சொன்னது கெடையாது மேடம். அன்னைக்கு ஒங்க வாசல்ல நின்னுதான் மொதமொதச் சொன்னாரு. நாங்க அதப் பத்தி ரொம்ப நேரம் பேசுனோம்."

"யாரு யாரு பேசுனீங்க?" ஜாய்ஸால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாங்கதான்" என்றாள் சரண்யாதேவி, இதென்ன கேள்வி என்பது போல. "இவுகளும் நானுந்தான்."

"ஒங்களுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும் மேடம்" என்றான் முகேஷ். "அத நீங்க சொல்ல மாட்டீங்கன்னும் தெரியும். நாங்க இங்க பேசுனது வெளிய போகல, அதுக்காக ஒங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா அந்த எடத்துல நீங்க எங்கப்பாவ அப்படியே விட்டது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தோம்."

"தப்புன்னு ரெண்டு பேருக்குமே தோணுச்சு" என்றாள் அவள்.

ஜாய்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துப் பேசுகிற இந்தப் பேச்சுக்காக எத்தனை வாரமாகக் காத்துக்கிடந்தாள். இப்போது வந்திருக்கிறது, அவளுக்கு எதிராக. சந்தோஷமா வலியா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. இப்போது நினைத்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த இரண்டு பேரும் இப்போதே எழுந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"தப்புதான். பேப்பர் கப்ப வாங்கி வச்சது நான். அது உங்கப்பா கண்ணுக்கு என்னவாத் தெரியும்னு எனக்குத் தோணியிருக்கணும். யாருக்குத் தோணலைன்னாலும் எனக்குத் தோணியிருக்கணும். அதுக்குக் காரணம் எதுவும் கிடையாது. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

"நீங்க வந்து சொல்லுவீங்களா மேடம்?" என்று கேட்டாள் சரண்யாதேவி.

வருகிறவர்களின் வீட்டுக்குப் போவதில்லை என்பது பலகையின் கடைசி வரி. ஜாய்ஸ் வாயைத் திறப்பதற்குள் முகேஷ் மனைவியைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தான். "வேணாம். நாமளே சொல்லிக்கிருவோம்." அவளும் சரி என்று தலையாட்டினாள். அது ஒரு முடிவு. மாமனார் நடுவில் இல்லாமல், டீச்சரும் நடுவில் இல்லாமல், இரண்டு பேரும் கண்ணாலேயே எடுத்த முடிவு.

"இனிமே நாங்க வர மாட்டோம் மேடம்" என்றான்.

"சரிப்பா."

வெயிலில் வந்தவர்கள். சரண்யாதேவி பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, பக்கத்தில் பார்க்காமலே நீட்டினாள். முகேஷ் வாங்கிக் குடித்து, மூடியை முறுக்கித் திருப்பிக் கொடுத்தான். ஜாய்ஸின் வீட்டுத் தண்ணீர் வேண்டாம் என்றுதான் அந்தப் பாட்டில் வந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. ஆளுக்கொன்றாக இல்லாமல் ஒரே பாட்டிலாக வந்திருக்கிறது என்பதும் புரிந்தது. கண்ணில் நீர் முட்டியதை அவர்கள் படியிறங்கும்வரை அடக்கிக்கொண்டாள்.

பைக் தெருமுனையில் திரும்பிய பிறகு கீழே வந்து, அடுப்படிக்குப் போனாள். மேலே சாமான் அடுக்குகிற பலகையிலிருந்து, கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும் எடுக்கிற எவர்சில்வர் டம்ளர்களை இறக்கினாள். துடைத்து, தட்டில் அடுக்கி, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கேன் பக்கத்தில் அவற்றை வைத்துவிட்டு, பேப்பர் கப் அடுக்கை எடுத்துக் குப்பையில் போட்டாள். காப்பி கிடையாது என்ற வரி பலகையில் இருந்தது, அதைத் தொடவில்லை. அந்த மனிதர் இனி இந்தத் தெருவுக்கு வரப்போவதில்லை, இதைப் பார்க்கப்போவதும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

சத்தியசீலன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது. டம்ளர்களை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

"அம்புட்டையும் தெனமும் யாரு கழுவுறது?"

"நான்தான்" என்றாள் ஜாய்ஸ்.